டேட்டாசெட்டைக் காணோமா? அறிகுறியைப் பார்த்து கேட்டலாக்கில் தேடும் முறை

சுங்கை சிப்புட்டில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ சைபர்ஜெயா பக்கம் ஓடுகிற வங்கி மெயின்ஃபிரேமின் (பெரிய மையக் கணினியின்) ராத்திரி பேட்சை, அதாவது வரிசையாகத் தானே ஓடும் வேலைகளை, கவனித்துக்கொள்ளும் பிள்ளைகள் நம் ஊரிலேயே சிலர் இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் சம்பளக் கோப்புகளும் அந்த பேட்சில்தான் ஓடுகின்றன. நேரங்கெட்ட நேரத்தில் அவர்கள் என்னைக் கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான்: “அக்கா, டேட்டாசெட்டைக் காணோம்.” டேட்டாசெட் என்றால் மெயின்ஃபிரேமில் ஒரு கோப்பு. காணோம் என்பதில் பல வகை உண்டு. எந்த வகை என்று பிரித்துப் பார்க்காமல் டிலீட், டிஃபைன் என்று இறங்கினால் இருந்ததும் கையை விட்டுப் போகும். அதனால் இதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் என்ன வந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அடுத்து வருகிற பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

பேர் எங்கெங்கே எழுதியிருக்கும்

மெயின்ஃபிரேமின் இயக்க முறைமையான இசட்ஓஎஸ்ஸில் ஒரு டேட்டாசெட்டின் பேர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ‘சாலரி.எஸ்டேட்.செக்ரோல்.டெய்லி’ என்று ஒன்றை வைத்துக்கொள்வோம் (செக்ரோல் என்பது தோட்டத்து தினசரி வேலைப் பதிவு). முதல் துண்டு ‘சாலரி’. கேட்டலாக் என்பது எந்தப் பேர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு. சிஸ்டம் முதலில் தலைமைப் பதிவேடான மாஸ்டர் கேட்டலாக்கில் அந்தத் துண்டுக்கு அலையஸ் (இன்ன யூசர் கேட்டலாக்கில் தேடு என்கிற சுட்டி) இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், அது காட்டுகிற யூசர் கேட்டலாக்குக்குப் போய் அங்கே தேடும். இல்லையென்றால் மாஸ்டர் கேட்டலாக்கிலேயே தேடும். கேட்டலாக்கில் கிடைப்பது விலாசம் மட்டுமே: இன்ன வால்யூம் (டிஸ்க்) என்று சொல்லும் ஆறு எழுத்து வால்யூம் சீரியல். அந்த வால்யூமுக்குப் போனால் அங்கே விடாக் என்று தனி அட்டவணை இருக்கிறது. டேட்டாசெட்டின் பேரும், டிஸ்க்கில் அது பிடித்திருக்கிற இடமும் அதில் இருக்கும். விசாம் என்கிற கோப்பு வகையோ, எஸ்எம்எஸ் (சேமிப்பிடத்தைத் தானே நிர்வகிக்கும் ஏற்பாடு) நிர்வாகத்தில் உள்ள டேட்டாசெட்டோ என்றால் அதே வால்யூமில் விவிடிஎஸ் என்ற இன்னொரு அட்டவணையிலும் ஒரு பதிவு உண்டு. பயன்படாதவற்றை ஒதுக்கி வைத்து, பேக்கப்பும் எடுக்கிற ஹெச்எஸ்எம் ஓரமாக எடுத்து வைத்தது என்றால் ஹெச்எஸ்எம்மின் சொந்தக் கணக்கிலும் ஒன்று.

தோட்ட ஆபீஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாத கணக்கு இல்லை. கிராணியின் (தோட்ட எழுத்தரின்) புத்தகத்தில் இன்னார் 4-ஆம் லயம் என்று இருக்கும். போய்க் கதவைத் தட்டினால் ஆள் எப்போதோ 7-ஆம் லயத்துக்கு மாறிப் போயிருப்பார். கேட்டலாக் கிராணியின் புத்தகம், விடாக் லயத்து வாசல். “காணோம்” என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பதிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வருபவை. எந்தப் பதிவு பிசகியிருக்கிறது என்று தெரியும்வரை எதையும் அழிக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் அடித்துச் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்.

டேட்டாசெட் பட்டியல் தரும் ஐஎஸ்பிஎஃப் 3.4 திரையை எல்லோரும் தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் அது இரண்டு விதமாக வேலை செய்கிறது என்பது பலருக்கு உறைப்பதில்லை. வால்யூம் கட்டத்தை வெறுமையாக விட்டால் அது கேட்டலாக்கைப் பார்த்துப் பட்டியல் தரும். அந்தக் கட்டத்தில் வால்யூம் சீரியலை நிரப்பினால் அந்த வால்யூமின் விடாக்கைப் பார்த்துத் தரும். இரண்டு பட்டியலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். “3.4-ல இருக்கு அக்கா” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, வால்யூம் போட்டாயா போடாமல் பார்த்தாயா என்றுதான்.

இன்னொரு கருவி, கேட்டலாக் வேலைகளுக்கான ஐடிகேம்ஸ் நிரலின் லிஸ்ட்கேட் கமாண்ட். பேரை எண்ட்ரீஸில் கொடுத்து, கடைசியில் ஆல் சேர்த்துப் போடுங்கள். அதில் ‘இன்-கேட்’ என்று ஒரு வரி வரும். எந்த கேட்டலாக்கில் இந்தப் பதிவு கிடைத்தது என்று அது சொல்லும். பலர் வால்ஸர் (வால்யூம் சீரியல்) வரிக்கு நேரே கண்ணை ஓட்டிவிடுகிறார்கள். பாதி வழக்குகள் இன்-கேட் வரியிலேயே முடிந்துவிடும்.

பேர் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டலாக்கில் இல்லை என்கிறது

கமாண்டுகளைத் தட்டுகிற டிஎஸ்ஓவில் ஐகேஜே56228ஐ (கேட்டலாக்கில் இல்லை என்கிற செய்தி) வந்தால் முதலில் மேற்கோள் குறியைப் பாருங்கள். ஒற்றை மேற்கோள் இல்லாமல் பேரைக் கொடுத்தால் டிஎஸ்ஓ உங்கள் ப்ரிஃபிக்ஸை, பொதுவாக உங்கள் யூசர் ஐடியை, முன்னால் ஒட்டிக்கொண்டு தேடும். ஜாபை எழுதுகிற மொழியான ஜேசிஎல்லில் அந்த வழக்கம் கிடையாது. ஜாபில் ஓடுகிற பேர் கையால் தேடும்போது கிடைக்காததற்கு இதுதான் மிகச் சாதாரணமான காரணம்.

அடுத்தது எழுத்து. ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும், ஐ என்ற எழுத்தும் ஒன்றும் கண்ணை ஏமாற்றும். யாரோ வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிய பேரை நம்ப வேண்டாம். ஜாப் லாகிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுங்கள். பேரின் இலக்கணமும் நினைவிருக்கட்டும்: புள்ளிகளோடு சேர்த்து மொத்தம் 44 எழுத்து, ஒவ்வொரு துண்டும் 8 எழுத்துக்குள், துண்டின் முதல் எழுத்து எண்ணாக இருக்கக் கூடாது.

3.4-இல் ஒற்றை நட்சத்திரம் ஒரு துண்டுக்கு மட்டும் பொருந்தும். ‘சாலரி.*.டெய்லி’ என்று தேடினால் நம் டேட்டாசெட் வராது, நடுவில் இரண்டு துண்டு இருக்கிறது. இரட்டை நட்சத்திரம் போட்டால் வரும்.

ஐகேஜே56228ஐ செய்தியின் பின்பாதியையும் படியுங்கள். கேட்டலாக்கில் இல்லை, அல்லது கேட்டலாக்கை அணுக முடியவில்லை என்று இரண்டையும் சேர்த்தே அது சொல்கிறது. அந்த முதல் துண்டின் கீழ் உள்ள எல்லாப் பேர்களும் ஒரே நேரத்தில் காணாமல் போயிருந்தால் டேட்டாசெட்டைத் தேடாதீர்கள். யூசர் கேட்டலாக் இருக்கிற வால்யூம் ஆஃப்லைன் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

ஒரு எல்பாரில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை

எல்பார் என்பது ஒரே மெயின்ஃபிரேமைப் பிரித்து ஓட்டும் தனித்தனி சிஸ்டங்களில் ஒன்று. புகார் இப்படி வரும்:

“அக்கா, ப்ரொடக்‌ஷன்ல இருக்கு, இந்தப் பக்கம் இல்லேங்குது. டிஸ்க்கு ரெண்டுக்கும் ஒன்னுதான். நான் பேசாம காப்பி பண்ணி விட்டுரவா?”

“வேணாம் தம்பி, ஒன்னும் பண்ணாதே. ரெண்டு பக்கமும் லிஸ்ட்கேட்ல ‘சாலரி’ங்கற ஒத்தத் துண்ட மட்டும் போட்டு, வர்றத அப்படியே அனுப்பு.”

முழுப் பேரைப் போடாமல் முதல் துண்டை மட்டும் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அலையஸ் மாஸ்டர் கேட்டலாக்கில் இருக்கிற பதிவு. ஒவ்வொரு எல்பாரும் தனக்கென்று ஒரு மாஸ்டர் கேட்டலாக் வைத்திருக்கலாம். டிஸ்க்கும் யூசர் கேட்டலாக்கும் பொதுவாகவே இருக்கட்டும், இந்தப் பக்கத்து மாஸ்டரில் ‘சாலரி’க்கு அலையஸ் போடவில்லை என்றால் சிஸ்டத்துக்கு அந்த யூசர் கேட்டலாக்குக்குப் போக வழியே தெரியாது. மாஸ்டரில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். இரண்டு பக்கத்து விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் ‘அலையஸ்’ என்று தொடங்கி, எந்த யூசர் கேட்டலாக்கோடு தொடர்பு என்று வந்திருக்கும். மற்றதில் ஐடிசி3012ஐ, எண்ட்ரி இல்லை என்று வந்திருக்கும்.

தீர்வு ஒரே வரி: டிஃபைன் அலையஸ், அதில் நேமும் ரிலேட்டும். அந்த யூசர் கேட்டலாக்கையே இந்த மாஸ்டர் அறியாது என்றால் அதற்கு முன் இம்போர்ட் கனெக்ட் போட வேண்டும். இரண்டுக்கும் மாஸ்டர் கேட்டலாக்கில் எழுதும் உரிமை வேண்டும். ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு அது இருக்காது, இருக்கவும் கூடாது. விவரத்தை எடுத்து ஸ்டோரேஜ் டீமுக்குக் கொடுங்கள்.

காப்பி பண்ண வேண்டாம் என்றதன் காரணம் இதைவிட முக்கியம். அலையஸ் இல்லாத எல்பாரில், உரிமை உள்ள யாராவது ‘சாலரி’ என்று தொடங்கும் டேட்டாசெட்டை உருவாக்கினால் அதன் பதிவு நேராக மாஸ்டர் கேட்டலாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு நாள் அலையஸைச் சரியாகப் போடுவார்கள். அந்த நொடியிலிருந்து தேடல் யூசர் கேட்டலாக்குக்குத் திரும்பிவிடும்; மாஸ்டரில் சேர்ந்த பதிவுகள் சாதாரணத் தேடலுக்குத் தட்டுப்படாது. “அலையஸ் போட்டதும் டேட்டாசெட் மாயமாகிவிட்டது” என்று ஒரு புகார் வந்தால் அது இந்தக் கதைதான். லிஸ்ட்கேட்டில் கேட்டலாக் என்று மாஸ்டரின் பேரையே குறிப்பிட்டுத் தேடினால் பதுங்கியிருப்பது வெளியே வரும். அதை யூசர் கேட்டலாக்குக்கு மாற்றும் வேலை ஸ்டோரேஜ் டீமுடையது.

அலையஸ் இரண்டு பக்கமும் இருந்தும் விடை வேறு வேறாக வந்தால் அலையஸ் லெவலைக் கேளுங்கள். வழக்கமாக முதல் துண்டு மட்டும்தான் அலையஸுக்கு ஒப்பிடப்படும். ஒன்றுக்கு மேல் என்று வைத்தால், அதிகபட்சம் நான்கு துண்டு வரை, சேர்த்து ஒப்பிடும். ஒரு எல்பாரில் 1, இன்னொன்றில் 2 என்று இருந்தால் ஒரே பேர் இரண்டு கேட்டலாக்குகளில் தேடப்படும். அரிதாக வருவது, ஆனால் வந்தால் அரை நாளைத் தின்றுவிடும்.

கேட்டலாக்கில் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை

ஜாப் ஐஇசி143ஐ, 213-04 என்று விழுந்திருக்கும். கேட்டலாக் காட்டிய வால்யூமுக்குப் போனேன், அங்கே விடாக்கில் இந்தப் பேருக்குப் பதிவு இல்லை என்று அர்த்தம். இதை ஐஇஎஃப்212ஐ-யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். டேட்டாசெட் கிடைக்கவில்லை என்கிற அந்தச் செய்தி வந்தால் தேடல் பெரும்பாலும் கேட்டலாக்கிலேயே நின்றுவிட்டது.

முதலில் வால்யூமையே சந்தேகப்படுங்கள். கன்சோலில் டி யூ,வால்= போட்டு அந்த சீரியல் எந்த டிவைஸில் இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க்கை நகல் எடுத்துப் பழக்கமுள்ள இடங்களில் அதே சீரியலோடு பழைய நகல் ஒன்று ஆன்லைனுக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. அப்படியென்றால் ஒரு டேட்டாசெட் மட்டும் இல்லை, ஊரே காணாமல் போயிருக்கும்.

வால்யூம் சரி என்றால் 3.4-இல் வால்யூமைக் கொடுத்து அங்கே உண்மையிலேயே இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு மற்ற வால்யூம்களில் தேட வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது மடத்தனம். டிகலெக்ட் (டிஸ்க்குகளில் இருப்பவற்றின் விவரம்) அறிக்கை தினமும் எடுக்கிற இடமாக இருந்தால் அதில் பேரைத் தேடினால் எந்த வால்யூமில் என்று வந்துவிடும். இல்லாவிட்டால் எஸ்எம்எஸ்ஸுக்கான திரையான ஐஎஸ்எம்எஃப்பில் விடாக்கை மூலமாக வைத்து ஒரு பட்டியல் எடுக்கலாம்.

வேறு வால்யூமில் கிடைத்தால், கேட்டலாக் பதிவை மட்டும் டிலீட் நோஸ்க்ராட்ச் போட்டு எடுத்துவிட்டு, சரியான வால்யூமோடு டிஃபைன் நான்விசாம் போட்டுப் புதிதாக எழுத வேண்டும். நோஸ்க்ராட்ச் என்ற சொல்தான் இங்கே உயிர். அது இருந்தால் கேட்டலாக் பதிவு மட்டும் போகும், டிஸ்க்கைத் தொடாது.

எங்குமே கிடைக்கவில்லை என்றால் அது உண்மையிலேயே போய்விட்டது. ஹெச்எஸ்எம்மின் ஹெச்லிஸ்ட்டில் பேக்கப் கணக்கைப் பார்த்து ஹெச்ரெகவர் போடுங்கள். யார் அழித்தார்கள் என்பதைப் பிற்பாடு பார்க்கலாம். அதற்குக் கீழே ஒரு தலைப்பு இருக்கிறது.

டிஸ்க்கில் இருக்கிறது, கேட்டலாக்கில் இல்லை

எஸ்எம்எஸ் இல்லாத வால்யூமில் ஜேசிஎல்லில் டிஸ்ப்=(நியூ,கீப்) (புதிதாக உருவாக்கி வைத்திரு) என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். கேட்டல்ஜி என்று சொல்லாதவரை சிஸ்டம் கேட்டலாக்கில் எழுதாது. வால்யூமைக் கொடுத்து எடுத்த 3.4 பட்டியலில் பேருக்கு எதிரே சி போட்டால் கேட்டலாக்கில் ஏறிவிடும்.

ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம். அதே பேர் வேறு வால்யூமைக் காட்டிக்கொண்டு ஏற்கெனவே கேட்டலாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் வழக்கு இது அல்ல, அடுத்த தலைப்பு.

எஸ்எம்எஸ் வால்யூமில் பதிவில்லாத டேட்டாசெட் இருக்கவே கூடாது. அங்கே டேட்டாசெட் பிறக்கும்போதே கேட்டலாக்கில் ஏறிவிடும். அப்படியும் ஒன்று அநாதையாகக் கிடந்தால் யாரோ நோஸ்க்ராட்ச் போட்டிருக்கிறார்கள், அல்லது கேட்டலாக்கை பழைய பேக்கப்பிலிருந்து மீட்டிருக்கிறார்கள். டிஃபைனோடு ரீகேட்டலாக் சேர்த்தால் விவிடிஎஸ்ஸில் உள்ள பதிவை வைத்துக் கேட்டலாக் பதிவைத் திரும்ப எழுதிவிடலாம். விசாம் கிளஸ்டருக்கும் இதே வழிதான். குப்பை, வேண்டாம் என்று முடிவானால் நான்விசாமுக்கு டிலீட் என்விஆர், விசாமுக்கு டிலீட் விவிஆர். கேட்டலாக்கில் பதிவு இருந்தால் என்விஆர் டிலீட் வேலை செய்யாது. நல்ல காவல் அது.

ஜாப் பூஜ்யத்தில் முடிந்தது, டேட்டா பழையது

எல்லா அறிகுறிகளிலும் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மற்றவை எல்லாம் சத்தம் போட்டு விழும். இது சிரித்துக்கொண்டே போய்விடும்.

நடப்பது இப்படி. சம்பள ஜாபில் ஒரு ஸ்டெப் ‘சாலரி.எஸ்டேட்.செக்ரோல்.டெய்லி’யை டிஸ்ப்=(நியூ,கேட்டல்ஜி) என்று, யூனிட்=சிஸ்டிஏ போட்டு, வால்யூம் சொல்லாமல் உருவாக்குகிறது. நேற்றையதை அழிக்கிற முதல் ஸ்டெப் எதனாலோ ஓடவில்லை. நேற்றையது டிஎஸ்கே012-இல் இருக்கிறது, கேட்டலாக்கும் அதைக் காட்டுகிறது. இன்றைக்கு சிஸ்டம் டிஎஸ்கே019-இல் இடம் கொடுக்கிறது. அங்கே அந்தப் பேர் இல்லை, ஆகவே எந்தத் தடையும் இல்லை, டேட்டா எழுதப்படுகிறது. ஸ்டெப் முடியும்போது கேட்டலாக்கில் ஏற்றப் போனால் அங்கே ஏற்கெனவே அந்தப் பேர் இருக்கிறது. சிஸ்டம் லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறது:

ஐஇஎஃப்287ஐ சாலரி.எஸ்டேட்.செக்ரோல்.டெய்லி நாட் கேட்டல்ஜிடி 2

அதன் கீழே வால்யூம் சீரியல். ஜாபின் ரிட்டர்ன் கோட் பூஜ்யம், அதாவது பிழையில்லை. அடுத்து வருகிற ஸ்டெப்போ ஜாபோ பேரைக் கேட்டலாக்கில் தேடுகிறது, கேட்டலாக் டிஎஸ்கே012-ஐக் காட்டுகிறது, நேற்றைய செக்ரோல் படிக்கப்படுகிறது. தோட்டச் சம்பளம் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கைக்குப் போக வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். அந்த வாரத்தில் இது நடந்தால், பால்வெட்டுக்குப் போனவருக்கு ஒரு நாள் பேர் (வேலைக்கு வந்த கணக்கு) குறையும். ஆபீஸில் போய்ச் சண்டை போடுவார். ஆபீஸில் உள்ளவருக்கும் ஒன்றும் விளங்காது, அவர் அனுப்பிய கோப்பு சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் டிஎஸ்கே021-இல் இன்னொன்று. இப்படியே ஒரே பேரில் பல நகல்கள் வால்யூம்களில் சிதறிக் கிடக்கும். ஒரு நாள் தற்செயலாக டிஎஸ்கே012-இலேயே இடம் விழும்போது ஐஇஎஃப்253ஐ, வால்யூமில் அதே பேர் இருக்கிறது என்று ஜாப் விழும். எல்லோரும் அன்றைக்குத்தான் பிரச்சினை தொடங்கியது என்று நினைப்பார்கள். எஸ்எம்எஸ் வால்யூம்களில் இந்த நாடகம் நடக்காது. கேட்டலாக்கில் பேர் இருந்தால் ஐஜிடி17101ஐ கொடுத்து ஆரம்பத்திலேயே நிறுத்திவிடும். சில இடங்களில் நாட் கேட்டல்ஜிடி வந்தாலே ஜாபை நிறுத்துகிற ஏற்பாடும் உண்டு. உங்கள் இடத்தில் உண்டா என்று நிம்மதியான ஒரு பகல் வேளையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி செய்யும் வரிசை: லாகுகளில் ஐஇஎஃப்287ஐ எப்போதிலிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு வால்யூமைச் சொல்லும், அதுவே உங்கள் தேடல் பட்டியல். ஒவ்வொரு வால்யூமிலும் 3.4 போட்டு, உருவான தேதியைக் குறித்துக்கொண்டு, பிரவுஸ் செய்து உள்ளே உள்ள தேதியையும் பாருங்கள். விடாக்கில் தேதி மட்டும்தான் இருக்கும், மணி இருக்காது; ஒரே நாளில் இரண்டு முறை ஓடியிருந்தால் உள்ளே பார்க்காமல் தீர்மானிக்க முடியாது. சரியானது எது என்று தெரிந்த பிறகு பழைய கேட்டலாக் பதிவை டிலீட் நோஸ்க்ராட்ச், புதியதற்கு வால்யூம் பட்டியலில் சி. பின்னால் வருகிற ஜாப்களை மறுபடி ஓட்டுங்கள். மிச்ச நகல்களைக் கணக்கு ஒத்துப்போகும்வரை வைத்திருந்துவிட்டு, பிறகு யூனிட்டும் வால்=ஸெர்ரும் எழுதிய ஐஇஎஃப்பிஆர்14-ஆல் (தானாக எதுவும் செய்யாத, ஜேசிஎல் வரிகளை நிறைவேற்ற மட்டும் ஓட்டும் நிரல்) எடுக்கலாம். எஸ்எம்எஸ் வால்யூமில் இதே வழியை முயலாதீர்கள். அங்கே நீங்கள் எழுதிய வால்யூமைப் புறக்கணித்துவிட்டு சிஸ்டம் கேட்டலாக்கைக் கேட்கும், நல்லதை அழித்துவிடும்.

நிரந்தரத் தீர்வு என்று கேட்டால், தினமும் உருவாகிற கோப்பை ஒரே பேரில் வைத்திருப்பதே தொல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு புதுத் தலைமுறையாக உருவாகும் ஜிடிஜி ஆக்கிவிடுங்கள்.

வால்யூம் என்ற இடத்தில் மைக்ராட் என்று இருக்கிறது

அது வால்யூம் இல்லை. ஹெச்எஸ்எம் எடுத்து வைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஐஎஸ்பிஎஃப் திரையில் மைக்ராட்1 என்றால் டிஸ்க்கில், மைக்ராட்2 என்றால் பொதுவாக டேப்பில். ஜாப் அதைத் தொட்டால் தானாகவே ரீகால் ஆகும். டேப்பிலிருந்து வர நேரம் எடுக்கும். ஜாப் அசையாமல் நிற்கிறது என்று கேன்சல் செய்வதற்கு முன் ஹெச்க்வெரி போட்டு வரிசையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேட்டலாக் மைக்ராட் என்கிறது, ஹெச்எஸ்எம் எனக்குத் தெரியாது என்கிறது. இதுவும் பதிவுகள் ஒத்துப்போகாத கதைதான். ஹெச்லிஸ்ட்டில் பேர் இல்லை, ரீகால் தோற்கிறது என்றால் கேட்டலாக் பதிவு செத்துப்போன விலாசம். பேக்கப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நோஸ்க்ராட்ச்.

அழிப்பதற்காகவே ரீகால் ஆகிற வேடிக்கையும் உண்டு. ஐஇஎஃப்பிஆர்14-இல் டிஸ்ப்=(ஓல்ட்,டிலீட்) போட்டால், ஓரமாக வைத்த டேட்டாசெட்டை டேப்பிலிருந்து டிஸ்க்குக்குக் கொண்டுவந்து, பிறகு அழிக்கும். இசட்ஓஎஸ் 1.11-இலிருந்து இதைத் தவிர்க்க அலாக் பார்மில் (சிஸ்டம் அமைப்புக் கோப்பில்) ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி இயக்க வேண்டும், சும்மா இருந்தால் பழைய வழக்கம்தான்.

ஜிடிஜியில் தப்பான தலைமுறை வருகிறது

ஜாப் நடுவில் விழுந்து, விழுந்த ஸ்டெப்பிலிருந்து திரும்ப ஓட்டினீர்களா? முதல் ஓட்டத்தில் (+1), அதாவது அடுத்த தலைமுறை, என்று உருவானது அந்த ஜாப் முழுவதும் (+1)-ஆகவே இருந்தது. இப்போது கேட்டலாக்கில் ஏறிவிட்டதால் புது ஓட்டத்துக்கு அது (0), அதாவது நடப்புத் தலைமுறை. ஜேசிஎல்லை மாற்றாமல் விட்டால் மிச்ச ஸ்டெப்புகள் இல்லாத ஒன்றைத் தேடும், அல்லது புதிதாக ஒன்றை உருவாக்கும். திரும்ப ஓட்டுவதைக் கவனிக்கிற ஷெட்யூலர் மென்பொருள் இதைச் சரி செய்து கொடுக்கலாம், கையால் ஓட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வது.

டேட்டாசெட் இருக்கிறது, முழுப் பேரால் படிக்க முடிகிறது, ஆனால் (0) அதைக் காட்டவில்லை என்றால் லிஸ்ட்கேட்டில் ஸ்டேட்டஸைப் பாருங்கள். டெஃபர்ட் என்று இருந்தால் தலைமுறை வரிசையில் இன்னும் சேரவில்லை. ஆல்டர் ரோலின் போட்டால் சேரும்.

ஒரே நாளில் எல்லாத் தலைமுறையும் காணாமல் போனால் ஜிடிஜி பேஸின் (அதன் தாய்ப் பதிவின்) குணத்தைப் பாருங்கள். எம்ப்டி என்று டிஃபைன் செய்திருந்தால் லிமிட்டைத் தாண்டிய அன்றைக்கு மூத்ததை மட்டும் இல்லை, இருப்பவை எல்லாவற்றையும் கேட்டலாக்கிலிருந்து எடுத்துவிடும். நோஸ்க்ராட்ச்சும் சேர்ந்திருந்தால் டேட்டா டிஸ்க்கில் இன்னும் இருக்கும், பதறாதீர்கள். சாதாரண ஜிடிஜிக்கு லிமிட் அதிகபட்சம் 255, எக்ஸ்டெண்டட் வகைக்கு 999.

சில்லறை அறிகுறிகள்

வால்யூம் ஆறு நட்சத்திரமாக இருந்தால் பிழை இல்லை. சிஸ்டம் எந்த டிஸ்க்கிலிருந்து ஐபிஎல் ஆனதோ (தொடங்கியதோ) அதை எடுத்துக்கொள் என்று அர்த்தம். சிஸ்டம் டேட்டாசெட்டுகளில்தான் இதைப் பார்ப்பீர்கள், திருத்தப் போகாதீர்கள். *விசாம்* என்று இருந்தால் அது கிளஸ்டர் பேர், உண்மையான வால்யூம் கீழே டேட்டா, இண்டெக்ஸ் வரிகளில் இருக்கும்.

யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று வந்தால் டி ஜிஆர்எஸ்,ரெஸ்=(சிஸ்டிஎஸ்என்,பேர்) போட்டால் எந்த ஜாப், எந்த யூசர் என்று தெரிந்துவிடும். எடிட்டில் திறந்து வைத்துவிட்டு நாசி லெமாக் வாங்கப் போனவராக இருக்கும்.

டேப்பில் பேர் பொருந்தவில்லை என்றால் நினைவில் வையுங்கள்: டேப் லேபிளில் பேரின் கடைசி 17 எழுத்துக்குத்தான் இடம். ‘சாலரி’யில் தொடங்குவதும் வேறொன்றில் தொடங்குவதும் வால் ஒன்றாக இருந்தால் லேபிளுக்கு இரண்டும் ஒன்றே. முழுப் பேரை டேப் நிர்வாக மென்பொருளில்தான் பார்க்க வேண்டும்.

யார் அழித்தார்கள்

சிஸ்டத்தில் நடப்பதைக் குறித்து வைக்கும் எஸ்எம்எஃப் பதிவுகளைக் கேளுங்கள். கேட்டலாக்கில் எழுதியது பதிவு வகை 61, அழித்தது 65, மாற்றியது 66. டிஸ்க்கிலிருந்து ஸ்க்ராட்ச் ஆனது (அழிந்தது) 17, பேர் மாறியது 18. 65 இருந்து 17 இல்லையென்றால் கேட்டலாக்கிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறார்கள். டேட்டா இன்னும் டிஸ்க்கில் கிடக்க வாய்ப்பு அதிகம். 18 கிடைத்தால் கதையே வேறு: யாரும் அழிக்கவில்லை, பேரை மாற்றியிருக்கிறார்கள். இந்தப் பதிவுகளில் ஜாப் பேர் இருக்கும். அந்த ஜாபின் லாகில் ஐஇஎஃப்285ஐ, ஐஜிடி105ஐ வரிகள் மிச்சத்தைச் சொல்லும். அழித்தது மனிதராக இருப்பதைவிட டிஸ்ப்பின் மூன்றாவது இடத்தில் எழுதிய டிலீட்டாக இருப்பதே அதிகம்: ஜாப் அபெண்ட் ஆனதும் (பாதியில் விழுந்ததும்) அது தன் வேலையைச் செய்திருக்கும்.

கேட்டலாக்கே பழுதென்று சந்தேகம்

சம்பந்தமில்லாத பேர்களில் புரியாத பிழைகள், லிஸ்ட்கேட் பாதியில் நிற்பது, ஐஇசி331ஐ என்கிற கேட்டலாக் பிழைச் செய்தி. இங்கே உங்கள் வேலை தொடாமல் இருப்பது. ஸ்டோரேஜ் டீம் ஐடிகேம்ஸின் எக்ஸாமினில் முதலில் இண்டெக்ஸ்டெஸ்ட், பிறகு டேட்டாடெஸ்ட் ஓட்டும். டயக்னோஸில் கேட்டலாக்கையும் விவிடிஎஸ்ஸையும் ஒப்பிடும். அவர்களை எழுப்பும்போது கையில் இருக்க வேண்டியவை: செய்தி எண்ணோடு லாகின் முழு வரி, ரிட்டர்ன் கோட், ரீசன் கோட், எந்த எல்பார், எந்த கேட்டலாக் என்று இன்-கேட் வரி, கடைசியாக அந்த ஜாப் சரியாக ஓடிய நேரம், அதற்குப் பின் நீங்கள் போட்ட கமாண்டுகள் எல்லாம், விடாமல்.